அல்சூர் மெஸ்ஸின் பழைய லேண்ட்லைன்: ஃபைபருக்கு மாற்றினால் கரண்ட் இல்லாதபோது போன் அடிக்குமா?

அல்சூர் சமையல்கட்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில் கேரியர் சாப்பாடு கொடுக்கிறேன். மதியம் 46 கேரியர், ராத்திரி இருபது சொச்சம். என் மாமியார் ஆரம்பித்தது. லேண்ட்லைன் நம்பரும் அவர் 1994-ல் வாங்கியதுதான். அந்த நம்பரை ஒவ்வொரு கேரியர் மூடியிலும் ஆணியால் குத்தி வைத்திருக்கிறோம், பெயின்ட் அழிந்துவிடும் என்பதற்காக.

சமையல்கட்டு தெருவுக்கு மூன்று படி கீழே இருக்கிறது. சுவர் பழைய சைஸ் கல், ஒன்றரை அடி கனம். உள்ளே இறங்கினால் மொபைலில் ஒரு கோடுகூட நிற்காது. அதனால் ஆர்டர் எல்லாமே லேண்ட்லைனில்தான். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். மர்பி டவுனில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், தினமும் பதினோரு மணிக்குள் கூப்பிட்டு, "இன்னைக்கு ரசம் மட்டும் போதும்மா" என்றோ, "கூட்டு கொஞ்சம் தாராளமா வை" என்றோ சொல்வார். வாட்ஸ்அப் எல்லாம் அவரிடம் கிடையாது.

இப்போது விஷயம் என்னவென்றால், மழை வந்தால் லைனில் கரகரவென்று சத்தம். பக்கத்துத் தெருவில் தோண்டினால் இரண்டு நாள் செத்துவிடும். போன மாதம் வந்த லைன்மேன், இனி செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிப் பயனில்லை, ஃபைபர் போட்டுத் தருகிறோம் என்றார். "நம்பர் அதே இருத்தே மேடம்" என்று கன்னடத்தில் உறுதியும் சொன்னார். மறுநாள் இன்னொரு கம்பெனிப் பையன் வந்து, எங்களிடம் வாங்கினால் மாதம் இருநூறு ரூபாய் குறைவு, பேசுவது இலவசம் என்றான். நம்பர் மாறும் என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னான். என் மகனோ, "லேண்ட்லைனே எதுக்கும்மா, வைஃபை போட்டுட்டு வைஃபை காலிங்னு ஒண்ணு இருக்கு, அதுல பேசு" என்கிறான்.

எனக்குள்ள பயம் வேறு. சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் ஒரு சாயங்காலம், கோடை மழை, கரண்ட் போய் ஒரு மணி நேரம். மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. டீச்சரம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து, நகர்ந்து வந்து போனை எட்டி எடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு மனப்பாடமாக இருந்தது எங்கள் நம்பர் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஓடினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, நல்லபடியாகப் பிழைத்து இன்றைக்கும் ரசம் கேட்கிறார். அன்றைக்கு எங்கள் போன் அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஆகையால் கேட்கிறேன். ஃபைபர் போன் கரண்ட் இல்லாமல் அடிக்குமா? நம்பர் நிஜமாகவே மாறாதா? வைஃபை காலிங்கும் வாட்ஸ்அப் காலும் ஒன்றா, வேறா? அலமாரியில் இருக்கும் பழைய பட்டன் போனைத் தூக்கிப் போட வேண்டுமா? எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாகிவிட்டது, ஆனால் மணிச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

வைட்ஃபீல்ட் நெட்வொர்க்காரன்

அக்கா, நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன். முதலில் உங்கள் மகன் சொன்னதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் கால் ஒரு செயலிக்குள் நடப்பது. இரண்டு பக்கமும் அந்தச் செயலி இருக்க வேண்டும். லேண்ட்லைனிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ, வாட்ஸ்அப்பிலிருந்து லேண்ட்லைனுக்கோ பேச முடியாது. டீச்சரம்மாவுக்கு அது கதவே இல்லாத வீடு மாதிரி.

வைஃபை காலிங் அப்படி இல்லை. அது உங்கள் சிம் கம்பெனி தருகிற சேவை. டவருக்குப் பதிலாக உங்கள் வீட்டு வைஃபை வழியாகப் போன் கம்பெனியின் வாசலுக்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். உள்ளே நுழையும்போது சிம்மைக் காட்டித்தான் நுழைகிறது, வழி முழுக்கப் பூட்டுப் போட்ட குழாய் மாதிரி. கூப்பிடுகிறவருக்கு உங்கள் அதே பத்து இலக்க நம்பர்தான் தெரியும். தனிச் செயலி வேண்டாம். இந்தியாவில் 2019 டிசம்பரில் ஏர்டெல் டெல்லிப் பக்கம் தொடங்கியது, 2020 ஜனவரியில் ஜியோ நாடு முழுக்கக் கொடுத்தது. நம்மில் பலர் போனில் அது இருப்பதே தெரியாமல் வைத்திருக்கிறோம்.

கல் சுவருக்குள் உங்களுக்கு இது நிச்சயம் உதவும். போனின் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், வோஎல்டிஇ-யும் (4ஜி வழியாகப் பேசும் வசதி) ஆனில் இருக்கட்டும். திரையின் மேலே சிக்னல் கோடு தெரியும் இடத்தில் வைஃபை காலிங் சின்னம் வந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். என் போனில் பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ்கூட அப்படியே வந்துவிடுகிறது. சின்னம் வராவிட்டால், வைஃபை காலிங் போகிற வாசல்களான 500, 4500 என்ற இரண்டு யூடிபி போர்ட்கள் ரவுட்டரில் அடைபட்டிருக்கின்றனவா என்று ஃபைபர் போட வரும் ஆளிடம் கேளுங்கள். ஆபீஸ் வைஃபைகளில் இது அடிக்கடி நடக்கும்.

ஆனால் வைஃபை காலிங் உங்கள் மொபைல் நம்பருக்குத்தான். மூடியில் குத்தியிருக்கும் நம்பர் வேறு கதை. லேண்ட்லைன் பற்றி இங்கே ஓர் ஐயா இருக்கிறார், அவர் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் பெரியவர்

அம்மா, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரியே படித்தேன். காலையில் நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்தவன், கடைசிப் பதினோரு வருடம் பெங்களூரில். இப்போது ஜீவன் பீமா நகரில் இருக்கிறேன்.

கரண்ட் இல்லாதபோதும் உங்கள் போன் ஏன் அடித்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

செம்பு லைனில் உங்கள் போனுக்கு வேண்டிய மின்சாரத்தை நாங்கள்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். எக்ஸ்சேஞ்சில் பாட்டரி அறை என்று ஒன்று இருக்கும். இரண்டு வோல்ட் செல் இருபத்து நான்கு வரிசையாக நிற்கும், மொத்தம் 48 வோல்ட். அந்த 48 வோல்ட்தான் தெருக்களுக்கு அடியில் ஓடி, தெருவோரம் கம்பிகள் பிரியும் பில்லர் பெட்டியைத் தாண்டி, உங்கள் அலமாரிவரைக்கும் வந்து நின்றது. மணி அடிக்க வேண்டுமானால் அதன் மேல் எழுபத்தைந்து வோல்ட் அளவில் மாறுமின்சாரம் ஏற்றுவோம். மழையில் கம்பியை வெறும் கையால் பிடித்திருக்கும்போது யாராவது அந்த நம்பருக்குப் போன் செய்தால் லைன்மேன் துள்ளிக் குதிப்பது இதனால்தான். ஊருக்கே கரண்ட் போனாலும் எங்கள் பாட்டரி இருந்தது, பாட்டரி இறங்குவதற்குள் டீசல் ஜெனரேட்டர் ஓடும். ஒரு மழை ராத்திரி ஜெனரேட்டர் கிளம்பவில்லை. நானும் இன்னொருவரும் டார்ச் அடித்துக்கொண்டு செல் செல்லாக வோல்டேஜ் பார்த்து நோட்டில் எழுதினோம், விடிகிறவரைக்கும். ஏரியாவில் ஒருத்தர் வீட்டிலும் டயல் டோன் நிற்கவில்லை. அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

ஃபைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஆகவே எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குக் கரண்ட் அனுப்ப முடியாது. வீட்டில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள், ஓஎன்டி என்பார்கள். அதன் முதுகில் போன் ஒயர் சொருக ஒரு துளை இருக்கும். டயல் டோன், மணி எல்லாவற்றையும் இனி அந்தப் பெட்டியே உண்டாக்கும். நீங்கள் பேசுகிற பேச்சை ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, இன்டர்நெட் எப்படிப் போகுமோ அதே மாதிரி அனுப்பும். அந்தப் பக்கம் போன் கம்பெனி அதைச் சேர்த்துப் பழைய போன் வலையில் விட்டுவிடும். ஆக, ஃபைபர் லேண்ட்லைன் என்பது இன்டர்நெட் வழியில் ஓடும் போன்தான். ஆனாலும் கம்பெனிப் பொறுப்பில், உங்கள் நம்பரில் ஓடுவது. எந்த ஊர் செம்பு போனிலிருந்து கூப்பிட்டாலும் அடிக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போன் அடிக்காது. நாங்கள் பாட்டரி அறையில் சுமந்த பொறுப்பு இனி உங்கள் சமையல்கட்டுக்கு வந்துவிடுகிறது. இதை விற்க வருகிறவர்கள் சொல்வதில்லை, கேட்டாலும் "பவர் பேக்கப் இருக்கு மேடம்" என்று மழுப்புவார்கள். அது அவர்கள் பக்கத்து பேக்கப், உங்கள் பக்கத்துடையது இல்லை.

தீர்வு கடினம் இல்லை. ஓஎன்டி அடாப்டரில் பெரும்பாலும் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், பக்கத்தில் ஒரு ஆம்பியரோ, ஒன்றரையோ, இரண்டோ இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், அதே வோல்ட்டுக்கு ரவுட்டர் மினி யூபிஎஸ் கேளுங்கள். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடுவரை நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று. ஒழுங்கான ஃபைபர் வலையில் இருக்காது. ஒரு இழையை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், அது வெறும் கண்ணாடி வேலை. இருபது கிலோமீட்டர்வரை அப்படியே போகும். ஆனால் சிலர் பக்கத்துக் கட்டட மொட்டை மாடியில் நெட்வொர்க் ஸ்விட்ச் என்கிற, கரண்டில் ஓடும் பெட்டியை வைத்து, அங்கிருந்து நீல ஒயர் இழுத்து, அதையும் ஃபைபர் என்று விற்பார்கள். அந்தக் கட்டடத்தில் கரண்ட் போனால் உங்கள் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. வீட்டுக்குள் வருகிற ஒயர் மெல்லிசாக, முனையில் பச்சையோ நீலமோ சதுர முனை இருக்கிறதா என்று கண்ணாலேயே பாருங்கள். முனையை மட்டும் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம், உள்ளே லேசர் ஓடும்.

நம்பர் விஷயம். அதே கம்பெனியிலேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் நம்பரை வைத்துக்கொள்ளலாம், விண்ணப்பத்தில் பழைய நம்பரை எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. கம்பெனி மாறினால் லேண்ட்லைன் நம்பர் உங்களோடு வராது. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த நம்பர் மாற்று வசதி மொபைலுக்கு மட்டும். மாதம் இருநூறு ரூபாய் மிச்சத்துக்காக மாமியார் கொடுத்துவிட்டுப் போன நம்பரை விடாதீர்கள். டீச்சரம்மாவுக்குப் புது நம்பர் மனப்பாடம் ஆகாது.

பழைய போனைத் தூக்கிப் போடவே வேண்டாம். கவிழ்த்துப் பாருங்கள், அடியில் பி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கலாம். டி பக்கம் தள்ளிவிடுங்கள். பி என்றால் பல்ஸ், டக டக என்று எண்ணுகிற பழைய முறை, பல ஓஎன்டிக்கு அது புரியாது. சுழற்றும் டயல் போனாக இருந்தால்தான் சிக்கல், உங்களுடையது பட்டன். கார்ட்லெஸ் வாங்காதீர்கள், அதன் அடிப்பெட்டிக்குத் தனிக் கரண்ட் வேண்டும்.

கம்மனஹள்ளி கூரியர்

ஐயா சொன்னது சரிதான், ஆனால் 2020க்கு அப்புறமும் ஒயரையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. நான் சின்னதாகக் கூரியர் ஏஜென்சி நடத்துகிறேன். லேண்ட்லைனை விட்டுவிட்டு இன்டர்நெட் நம்பர் ஒன்று வாங்கிவிட்டேன். யார் கூப்பிட்டாலும் என் போன், தம்பி போன், கவுன்டர் பெண் போன் மூன்றிலும் ஒரே நேரத்தில் அடிக்கும், யார் எடுத்தாலும் சரி. எடுக்காத கால் லிஸ்ட்டில் நிற்கும். பேச்சு பதிவாகிறது. கேரியர் ஆர்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இது ஏதோ கள்ளத்தனம் என்று பயப்படவும் வேண்டாம். இன்டர்நெட்டிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேச 2002 ஏப்ரல் 1-ல் அனுமதி கொடுத்தார்கள். உள்நாட்டுப் போன்களோடு இணைப்பதற்கு 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது, 2018-ல் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்டது. அதே வருடம் ஜூலையில் பிஎஸ்என்எல் விங்ஸ் என்று ஒரு செயலி அறிவித்தார்கள், வருடத்துக்கு 1,099 ரூபாய், சிம் இல்லாமலே பத்து இலக்க நம்பர். அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டது. "சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு இரண்டு" என்று குரல் மெனுகூடப் போடலாம் அக்கா.

அல்சூர் சமையல்கட்டு

தம்பி, நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆபீஸுக்கு அது சௌகரியம்தான். ஆனால் என்னைக் கூப்பிடுகிறவர்கள் மெனு கேட்கிறவர்கள் இல்லை. மணி அடித்ததும் "சொல்லுங்க" என்று ஒரு குரல் வர வேண்டும். "ஒன்றை அழுத்தவும்" என்று வந்தால் டீச்சரம்மா தப்பான நம்பர் என்று வைத்துவிடுவார். இன்னொருவர் இருக்கிறார், கேம்பிரிட்ஜ் லேஅவுட் தாத்தா. காது மந்தம். என் குரல் அவருக்குப் பழகிவிட்டது, வேறு யார் எடுத்தாலும் அவருக்குப் புரியாது. அவருக்கு நானே எடுக்க வேண்டும்.

ஐயா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் வாசித்துக் காட்டினேன். இருபத்து நான்கு செல் கதையைக் கேட்டு வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முப்பது வருடமாக யாரோ எங்களுக்காகப் பாட்டரி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

போனைக் கவிழ்த்துப் பார்த்தேன். மாவும் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருந்தது, ஊசியால் நோண்டினேன். ஸ்விட்ச் இருக்கிறது. பி-யில்தான் இருந்தது!

மூன்று சந்தேகம் பாக்கி. மாடியில் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது, அதிலிருந்து ஓர் ஒயர் கீழே இழுத்தால் மினி யூபிஎஸ் வேண்டாம்தானே? பெட்டியை அடுப்புக்கு மேல் அலமாரியில், போனுக்குப் பக்கத்திலேயே வைக்கலாமா? மாடியில் ஒரு போன், கீழே ஒரு போன், ஒரே நம்பர். அது இப்போது இருக்கிற மாதிரியே அடிக்குமா?

எக்ஸ்சேஞ்ச் பெரியவர்

இன்வெர்ட்டர் நல்லதுதான், ஆனால் அதில் யூபிஎஸ், நார்மல் என்று பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ஓஎன்டி அணைந்து மறுபடி எழும். எழுந்து, எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து, உங்கள் நம்பரைப் பதிவு செய்து டயல் டோன் தர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பேசிக்கொண்டிருந்த கால் அறுந்துவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். என்னைக் கேட்டால் மினி யூபிஎஸ்ஸும் சேர்த்தே வையுங்கள். இன்வெர்ட்டர் ஓஎன்டிக்கு மட்டும் இல்லை, ஃபேனும் டிவியும் ஓடி அது காலியான பிறகும் உங்கள் போன் நிற்க வேண்டும்.

அடுப்புக்கு மேல் வேண்டவே வேண்டாம் அம்மா. சூடும் எண்ணெய்ப் புகையும் பெட்டிக்கு எதிரி. இன்னும் பெரிய எதிரி கோதுமை மாவு. ஃபைபர் முனையில் ஒரு தூசு ஒட்டினால் வெளிச்சம் குறைந்துவிடும், சிவப்பு விளக்கு கண் சிமிட்டும், ஆள் வந்து துடைக்கிறவரை போன் இல்லை. வாசல் பக்கத்தில் உயரத்தில் வையுங்கள், அங்கிருந்து சாதாரண போன் ஒயரை அலமாரிவரை இழுத்துக்கொள்ளலாம், அடுப்புச் சூடு நேராகப் படாமல் இருந்தால் போதும். ஃபைபரைச் சட்டத்தின் மூலை மாதிரி மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள், வளையல் அளவுக்கு வளைவு இருக்கட்டும். எலி இருக்கும் இடமென்றால் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள்.

இரண்டு போன் மாட்டலாம். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய மணியில் இருந்த பலம் இந்தப் பெட்டியில் இல்லை. உங்களுடையது உள்ளே நிஜ மணி இருக்கிற போனா, பீப் போடுகிற போனா தெரியவில்லை. மணி இருந்தால் இரண்டாவது போன் லேசானதாக இருக்கட்டும். மூன்றாவது மாட்டினால் ஒன்றுமே அடிக்காமல் போகலாம்.

காது மந்தமான தாத்தா பற்றி ஒரு வார்த்தை. செம்பு லைனில் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ்வரைதான் குரல் போகும். அதனால்தான் போனில் 'ச'வும் 'ஃப'வும் குழம்பும். வைஃபை காலிங்கிலும் வோஎல்டிஇ-யிலும் 7,000 ஹெர்ட்ஸ்வரை போகிற முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட மொபைலாக இருந்தால் மட்டுமே அந்தத் தெளிவு. தாத்தா வீட்டில் மொபைல் இருந்தால் உங்கள் மொபைலிலிருந்து ஒருமுறை வைஃபை காலிங்கில் பேசிப் பாருங்கள்.

வைட்ஃபீல்ட் நெட்வொர்க்காரன்

ஐயாவுக்கு ஒரு வணக்கம். பி ஸ்விட்ச் விஷயம் எனக்கே தெரியாது.

அக்கா, மொபைல் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் போய், 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால்' என்ற இடத்தில் மட்டும் 080 சேர்த்து லேண்ட்லைன் நம்பரைப் போட்டுவிடுங்கள். வைஃபை என்றாவது படுத்தால் மொபைலுக்கு வருகிற கால் லேண்ட்லைனுக்கு வந்துவிடும். வெளியாள் யாராவது போன் செய்து ஏதாவது ஒரு நட்சத்திரக் குறி எண்ணை அழுத்தச் சொன்னால் மட்டும் அழுத்தாதீர்கள். உங்கள் கால்களைத் திருப்பி ஓடிபி திருடுகிற வேலை அது. அதனால்தான் 2024 ஏப்ரல் 15-லிருந்து *401# வழி ஃபார்வர்டிங்கை அரசே நிறுத்தச் சொன்னது.

அல்சூர் சமையல்கட்டு (பதினெட்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். போட்டாகிவிட்டது. பழைய நம்பரை விண்ணப்பத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன். வந்த பையன்கள் இருவரும் தங்கமான பிள்ளைகள். ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டதும் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். "நடுவில் பவர் பாக்ஸ் இல்லம்மா, ஸ்ப்ளிட்டர் மட்டும்தான், அந்தக் கம்பத்துல" என்று வெளியே கூட்டிப்போய்க் காட்டினான். இருவருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

நம்பரை ஃபைபருக்கு மாற்றிய நாளில் ஒரு முழு நாள் லைன் இல்லை. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் சொல்லி வைத்திருப்பேன், மாற்றப் போகிறவர்கள் கவனியுங்கள். அன்றைக்கு மகன் ஸ்கூட்டரில் எல்லார் வீட்டுக்கும் போய் ஆர்டர் கேட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானம் கேரியர் எல்லாம் போன பிறகு, இரண்டு நாற்பதுக்கு மெயினை அணைத்தேன். இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொன்னேன். மினி யூபிஎஸ் மட்டும். ஓஎன்டியில் பச்சை விளக்கு அசையவே இல்லை. வீட்டுக்காரரை வெளியே அனுப்பி, கோயில் வாசலில் நின்று கூப்பிடச் சொன்னேன். இருட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நானும் பாத்திரம் தேய்க்கிற செல்வியும். அடித்தது. பழைய மணி, அதே சத்தம், கொஞ்சம் மெலிசு, ஆனாலும் தெருவரைக்கும் கேட்டது. செல்வி கை தட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு மணி பத்து நிமிடம்வரை அப்படியே விட்டுப் பார்த்தோம், மூன்றரை மணி நேரம் தாங்கியது.

மாடிப் போனையும் சேர்த்து மாட்டியபோது கீழே மணி சரியாக அடிக்கவில்லை, விட்டு விட்டு முனகியது. ஐயா முன்னாலேயே சொன்னதால் பயப்படவில்லை. மாடியில் ஒரு லேசான பீப் போன் வாங்கி மாட்டினோம், சரியாகிவிட்டது.

சைஸ் கல் சுவருக்குள் என் மொபைலில் இப்போது வைஃபை காலிங் வருகிறது. தாத்தாவின் மருமகள் மொபைலுக்குப் பேசிப் பார்த்தேன், ஸ்பீக்கரில் போட்டார். "என்னம்மா, பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு" என்றார் தாத்தா. பத்தா எட்டா என்று திருப்பித் திருப்பிக் கேட்பவர், அன்றைக்குச் சப்பாத்தி எத்தனை என்று ஒரே தடவையில் புரிந்துகொண்டார். இனி ராத்திரி ஆர்டருக்கு நானே அவரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

டீச்சரம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்னால் கூப்பிட்டார். "லைன்ல அந்தக் கரகர இல்லையே, மழை நின்னுடுச்சா அங்க?" என்றார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

எக்ஸ்சேஞ்ச் பெரியவர்

சந்தோஷம் அம்மா. படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

மாதம் ஒருமுறை மெயினை அணைத்து அதே மாதிரி பார்த்துவிடுங்கள், எத்தனை மணி நேரம் தாங்கியது என்று காலண்டரில் தேதியோடு எழுதுங்கள். நாங்கள் செல் நோட்டு எழுதிய மாதிரி. மூன்றரை மணி நேரம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தால் யூபிஎஸ்ஸை மாற்றுங்கள். அதன் வயிறு உப்பினால் அன்றைக்கே மாற்றுங்கள். போனில் பட்டனுக்கு எண் பதித்து வைத்திருந்தால் ஒன்று பாருங்கள், லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 2021 ஜனவரி 15-லிருந்து முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் நம்பரும் ஆட்டோக்காரர் நம்பரும் பூஜ்யத்தோடு பதிந்திருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அவசர உதவிக்கான 112-க்குப் பூஜ்யம் வேண்டாம்.